உபதேசியாருக்கு மெட்டு கொடுத்தது யார்

எங்கள் உபதேசியார் டீக்கடையைக் கடக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். கடை வருவதற்குக் கொஞ்சம் முன்பே சைக்கிளை விட்டு இறங்கி, சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, கடை தாண்டியதும் மறுபடி இறங்கிப் பஞ்சை எடுத்துப் பையில் பத்திரப்படுத்துவார். கடையில் எப்போதும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். சினிமாப் பாட்டு காது வழியாக நுழைந்து ஆத்துமாவில் குடியேறிவிடும் என்பது அவர் கட்சி.

பிள்ளைகளே, நீங்கள் வீட்டில் பாட்டு போடும்போதெல்லாம் நான் வந்து நின்று, "இதுல இன்னா சொல்றான்?" என்று கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறேன். "மெட்டு நல்லா இருக்குதுப்பா, அவ்ளோதான்" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அவ்வளவுதானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது இந்த உபதேசியாரால். அதனால் அந்த விஷயத்தை எழுதிவைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டி பக்கம் வயலுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினேன். உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி, பெரியவள் கைக்குழந்தை. எங்கள் சபை சின்னது. ஓட்டுக்கூரைக் கோயில், கூப்பிட்டால் ஐம்பது பேர் வருவார்கள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் டவுனில் இருந்து மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், சாவு, சண்டை எல்லாம் உபதேசியார்தான். கோயிலை ஒட்டின வீட்டில் மனைவியோடு இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நல்ல மனிதர். சிரிப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும்.

அவருக்கு ஐயராக வேண்டும் என்பது ஒரே ஆசை. முன்னால் ஒருமுறை படிப்பு போதாது என்று தள்ளிவிட்டார்கள். இன்னொரு முறை தள்ளினால் வயது கடந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் உபதேசியார்தான். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பேராயரே எங்கள் சபைக்கு வருவதாகவும், ஆராதனையை உபதேசியார் நடத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவரை ஐயர் படிப்புக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லுவதாகவும் தகவல் வந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

"தம்பி, டோலக்க எடு."

சபையில் டோலக் வாசிப்பவன் நான். எடுத்தேன்.

"பேராயர் வர்ற அன்னிக்கிப் பாட ஒரு கீர்த்தனை எழுதியிருக்கறேன். எழுதியிருக்கறேன்னு சொல்லக் கூடாது. கர்த்தர் குடுத்தாரு. ஒரு வாரமா விடியக்காலையில முட்டி போட்டுக்கினு ஜெபம் பண்றப்ப ஒரு மெட்டு வந்துக்கினே இருந்திச்சு. எங்கேருந்து வருதுன்னே தெரியல. அப்பிடியே மேலேர்ந்து எறங்கினாப்பல."

கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"வாசல் திறந்திருக்க ஏன் தயக்கம், பாவியே,
நாளைக்கென்று தள்ளாதே, இன்றே வந்து சேர்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. உங்கள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அந்த மெட்டை அந்த வருஷம் தெரியாதவர்கள், எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்தில் இரண்டே வகை. ஒன்று, தொட்டிலில் கிடந்தவர்கள். இன்னொன்று, உபதேசியார். அது ஒரு சினிமாப் பாட்டு. கிளப்பில் ஆடுகிற பெண் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, வந்தவர்களை உள்ளே அழைக்கிறாள். கதவு திறந்துதான் கிடக்கிறது, வெளியே நின்று என்ன யோசனை, நாளைக்கு யார் இருப்பார் யார் போவார், இப்போதே வா என்பது பாட்டின் சாரம். நடுவில் இரண்டு இடத்தில் விக்கல் வேறு எடுப்பாள்.

இதில் என் கை எனக்குத் துரோகம் செய்தது. உபதேசியார் இரண்டாவது அடிக்குப் போவதற்குள் டோலக்கில் அந்தப் பாட்டின் தாளம், அந்த இழுப்பு, அந்த உருட்டல், எல்லாம் தானாக வந்து விழுந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர்.

"தம்பி! நான் இன்னும் தாளமே சொல்லலியே! ஒனக்கும் ஆவியானவர் காட்டிக் குடுத்துட்டாரா!"

"ஆமாண்ணா, எப்பிடியோ வந்திடுச்சு" என்றேன்.

அவர் போனதும் உங்கள் அம்மா வெளியே வந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "அந்த மனுசன் பேராயர் முன்னாடி இத்தப் பாடினா இன்னா ஆவுறது? போய் சொல்லு" என்றாள். "நீ போய் சொல்லு" என்றேன். ரெண்டு பேரும் போகவில்லை.

பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது இன்னும் வேடிக்கை. வேறு எந்தக் கீர்த்தனையும் எங்கள் குழுவுக்கு ஏறுவதற்குள் மழைக்காலம் வந்து போய்விடும். இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். குழுவில் காது மந்தமான கிழவர் ஒருவர் உண்டு, எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வருவார். அவர்கூட ஒரு அடி முன்னால் போய் நின்றார். விக்கல் வருகிற இடத்தில் எங்கள் பட்டறை ஆள் ஒருவன் பழக்க தோஷத்தில் "ஹிக்" என்று தொடங்கிப் பாதியில் அடக்கிக்கொண்டான். உபதேசியார் அவன் தோளைத் தட்டி, "அழுவ வந்தா அழுவுப்பா, அடக்காத" என்றார். அவன் உடனே வெளியே ஓடிப்போய்க் கிணற்றடியில் நின்று சிரித்துத் தீர்த்தான்.

ஆனால் பண்டிகை நெருங்க நெருங்க எங்களுக்குச் சிரிப்பு குறைந்தது. பேராயர் பட்டணத்துக்காரர். வெளி உலகம் தெரிந்தவர். கிளப் பாட்டைக் கர்த்தர் கொடுத்தார் என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னால், அவரை ஐயராக்குவாரா? யாராவது உபதேசியாரிடம் சொல்லியாக வேண்டும். யார் என்று சீட்டுக் குலுக்கினோம். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள், வேத சம்மதமான முறைதான். சீட்டு என் பேரில் விழுந்தது. எல்லாச் சீட்டிலும் என் பேரைத்தான் எழுதியிருந்தார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நேரடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வழி செய்தேன். டீக்கடைக்காரர் ஆந்திராப் பக்கத்தவர், எல்லாரையும் நைனா என்பார். ரேடியோவில் அந்தப் பாட்டு தினமும் மதியம் வந்துவிடும் என்று அவரிடம் கேட்டுவைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உபதேசியாரின் சைக்கிளைக் கடை வாசலிலேயே மடக்கினேன்.

"அண்ணா, பஞ்ச எடுங்க, ஒரு அவசரம்."

"இங்கயா? நட, அப்பால போய்ப் பேசலாம்."

"இங்கதாண்ணா சொல்லணும்."

சங்கடத்தோடு எடுத்தார். ரேடியோ சரியாகத் தொடங்கியது. முதலில் அந்தப் பெண் ஒரு விக்கல், பிறகு பாட்டு. உபதேசியார் அசையாமல் நின்றார். முகம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. சரி, புரிந்துவிட்டது, கஷ்டம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

"தம்பி," என்றார், "திருடிட்டானுங்க!"

"யாருண்ணா?"

"சினிமாக்காரனுங்க! நம்ம பாட்ட! நான் பாடி ஒரு மாசம் கூட ஆவல, அதுக்குள்ள ரேடியோவுல! பாத்தியா, வாசல்னு வருது, நாளைக்குன்னு வருது, வார்த்தையக்கூட உட்டு வெக்கல. நம்ம பாட்டுப் பழகறப்ப எவனாவது ஒளிஞ்சி வந்து கேட்டுக்கினு போயிருக்கறான்!"

டீக்கடைக்காரர் டபராவில் டீயை ஆற்றிக்கொண்டே, ரொம்ப அனுதாபமாகச் சொன்னார். "அவுங்க அப்பிடித்தான் நைனா. எமகாதகனுங்க. நீ சும்மா உடாத."

"உடமாட்டேன். பேராயர்கிட்ட சபைக்கு முன்னாடியே சொல்லப்போறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் பஞ்சு வைத்துக்கொள்ள மறந்துபோனார். நான் டீக்கடைக்காரரைப் பார்த்தேன்.

"யோவ், உனக்கு நல்லா இருக்குதா இது? எண்ணெய ஊத்தறியே!"

"இன்னா நைனா, அந்த ஆளு மொகத்தப் பாத்துக்கினு வேற எப்பிடி சொல்றது? நீதான் சொல்லேன்."

அதுவும் நியாயம்தான்.

முன்பு, பாடினால் சிரிப்பார்கள் என்கிற பயம் மட்டும்தான். இப்போது புகாரும் சேர்ந்துகொண்டது. வேறு வழியில்லாமல் உபதேசியாரின் மனைவியிடம் போனேன். உபதேசியார் ஊழியத்துக்குச் சைக்கிளில் கிளம்பின சமயமாகப் பார்த்துப் போனேன். அக்கா பின்கட்டில் மடவை மீன் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மிக் குழவியின் போக்குக்கும் வரத்துக்கும் சரியாக, அக்கா பாடிக்கொண்டிருந்தார். "வாசல்... ம்ம்ம்... நாளைக்கு... ம்ம்ம்..." விக்கல் வருகிற இடத்தில் குழவியை ஒரு தட்டு தட்டினார்.

"அக்கா," என்றேன், "இந்தப் பாட்டு..."

"அவரு எழுதினதுதான் தம்பி."

"அவரு எழுதறதுக்கு முன்னாடி நீங்க பாடிக்கினு இருந்தீங்களா?"

கை நின்றது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்கட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, வேலிக்கு அப்பால், டீக்கடையின் முதுகு.

"அவரு ஊட்ல இருந்தா ஜன்னலச் சாத்திடுவாரு. அவரு போனப்புறம் தெறப்பேன். பொகை போவணுமில்ல?"

"பொகை மட்டுமா போவுது?"

"பாட்டும் வருது. நான் இன்னா பண்றது, நானும் பஞ்சு வெச்சிக்கினா பால் பொங்கறது எனக்கு எப்பிடித் தெரியும்? விடியக்காலையில சட்னி அரைக்கிறப்ப வாய் சும்மா இருக்குமா? மொணமொணன்னு ஏதாவது..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "தம்பி, விடியக்காலையில அவரு பக்கத்து ரூம்ல ஜெபம் பண்ணுவாரு."

இரண்டு பேரும் அம்மியைப் பார்த்தோம்.

"நல்ல பாட்டுதான தம்பி அது?" என்று மெதுவாகக் கேட்டார். "வாசல் தெறந்திருக்குது, வா வான்னு கூப்பிடறா. யாரோ விருந்துக்குக் கூப்பிடறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அக்கா சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லை. யார் கூப்பிடுகிறாள், எங்கே கூப்பிடுகிறாள், கையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு மசாலாக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். நெற்றி எரிந்ததோ மனசு எரிந்ததோ, கண்ணில் தண்ணீர் வந்தது. "நீ சொல்லாத தம்பி. நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு என் வாய் மேலேயே ஒரு கண் விழுந்தது. பட்டறையில் ஃபோர்மேன் திட்டினால் என் வாயில் ஒரு பாட்டு வரும். பணக்காரனெல்லாம் கெட்டவன், ஏழையெல்லாம் நல்லவன் என்று அது சொல்லும். நானும் ஏழை என்பதால் என் தப்பெல்லாம் அதில் கழுவிப்போய்விடும். உங்கள் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு பாட்டு. பெண் என்றால் பிகு செய்வாள், கொஞ்சினால் சரியாகிவிடும் என்று. அவளுக்குப் பல்வலி என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பெரியவளுக்குக் காய்ச்சல் வந்து அனலாய்க் கொதித்த அன்று, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முணுமுணுத்தது வேதத்துச் சங்கீதம் இல்லை. விதி எழுதினதை யார் அழிப்பது என்கிற ஒரு சோகப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் கர்த்தர் என் மேய்ப்பர் என்று சொல்லுகிறவன், குழந்தை கொதிக்கும்போது விதியை நம்பியிருக்கிறேன். எப்போது நம்ப ஆரம்பித்தேன்? யாரும் எனக்குப் பிரசங்கம் செய்யவில்லை. மெட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்காவும் உடனே சொல்லவில்லை. உபதேசியார் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாராம். பண்டிகை நாள் காலை வந்துவிட்டது. நான் டோலக்கோடு அவர் வீட்டுக்குப் போனபோது உபதேசியார் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் நின்று கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவர் முகம் தெரியாத அந்த இடத்தில் நின்றுகொண்டே, சொன்னார்.

"அந்த மெட்டு கர்த்தர் குடுத்தது இல்லீங்க. நான் குடுத்தது."

"இன்னா சொல்ற?"

"சினிமாக்காரன் உங்ககிட்டேர்ந்து எடுக்கல. நான் ரேடியோவுலேர்ந்து எடுத்தேன். நீங்க எங்கிட்டேர்ந்து எடுத்துக்கினீங்க. சட்னி அரைக்கிறப்ப."

உபதேசியார் அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவைப் பார்த்து, "நீ பாடுவியா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"கொஞ்சம் பாடுவேன்."

"நல்லாத்தான் பாடியிருக்கற," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அப்ப சபையில யாருக்காவது இது முன்னாடியே..."

கோயில் மணி அடித்துவிட்டது. வெளியே பேராயரின் ஜீப் வந்து நின்றது. பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

கோயில் நிறைந்திருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்குப் போகும். நெல்கதிர், பூசணி, வாழைத்தார், மூலையில் காலைக் கட்டிப் போட்ட ஒரு பெரிய சேவல். ஏலத்துக்காக ஊர்க்காரர்களும் வந்து வாசலில் நின்றார்கள். டீக்கடைக்காரரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

பாட்டு நேரம் வந்தது. குழு எழுந்து நின்றது. நான் டோலக்கில் கையை வைத்தேன். உபதேசியார் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார்.

"ஐயா," என்றார் பேராயரைப் பார்த்து, "ஒரு கீர்த்தனை எழுதியிருந்தேன். மெட்டு பரலோகத்துலேர்ந்து வந்ததுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். அது சினிமாப் பாட்டுன்னு இன்னிக்கிக் காலையிலதான் தெரிஞ்சிச்சு. காதுல பஞ்சு வெச்சிக்கினு போறவன் நான், எனக்கே தெரியாம என் ஜெபத்துக்குள்ள வந்திடுச்சு. அத்த இங்க பாடறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

அக்கா பெயரை அவர் எடுக்கவேயில்லை.

பேராயர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பாட்டு?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. எங்க சபையிலயும் யாருக்கும் தெரியாதுங்க ஐயா. இங்க ஒருத்தரும் சினிமாப் பாட்டு கேக்கறதில்ல." அதைப் பெருமையாகச் சொன்னார். எங்களை அவ்வளவு நம்பினார்.

பேராயர் பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யாருக்காவது தெரியுமா அம்மா?"

உங்கள் அம்மா உட்பட எல்லாரும் குழந்தைகளின் சட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். "தெரியாதுங்க" என்று ஒரு குரல் வந்தது.

பேராயர் பாடகர் குழுவைப் பார்த்தார். "நீங்க?"

"தெரியாதுங்க ஐயா," என்றான் விக்கல்காரன்.

பேராயர் என்னைப் பார்த்தார். "டோலக்?"

என் வாய் திறந்து, "தெரியாதுங்க ஐயா" என்றது.

மூலையில் கிடந்த சேவல் கழுத்தை நீட்டி, கோயில் அதிரக் கூவியது.

சேவல் கூவுமுன் மூன்று தடவை கர்த்தரைத் தெரியாது என்று சொன்ன பேதுருவின் கதை தெரியாதவர்கள் யாரும் அந்தக் கோயிலுக்குள் இல்லை. பேராயரின் தோள் குலுங்கியது. அங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் சபை முழுக்கச் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டே சிரித்தோம். உபதேசியாருக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வந்ததும் நின்றார்.

"எல்லாருக்குமா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"வார்த்தையப் பழைய மெட்டு எதுலயாவது பாடுங்க," என்றார் பேராயர். உபதேசியார் பாடினார். வார்த்தையும் மெட்டும் பொருந்தாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின. டோலக்குக்கு இடமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்ததால் அன்றைக்குத்தான் அந்த வார்த்தைகளை நான் முதன்முதலாகக் கேட்டேன். யார் கூப்பிடுகிறார், எங்கே கூப்பிடுகிறார் என்று கேட்டேன். பிள்ளைகளே, நான் உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். பாட்டைக் கேட்காதே என்று சொல்லவில்லை. பஞ்சின் கதைதான் தெரிந்துவிட்டதே. உங்களை யார் எங்கே கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறும்போது பேராயர் சொன்னார்: "உங்க உபதேசியாரைப் படிப்புக்கு அனுப்பறேன். முடிச்சதும் இங்கேயே திருப்பி அனுப்பிடறேன். இந்தச் சபைக்கு ஒரு ஐயர் ரொம்ப அவசரமா வேண்டியிருக்குது."

ஏலம் தொடங்கியது. பூசணி போனது, வாழைத்தார் போனது. சேவலைத் தூக்கிக் காட்டினதும் எங்கள் ஆட்கள் ஒரு அடி ஒதுங்கினார்கள். கொழுத்த சேவல். வழக்கமாக அடித்துக்கொண்டு கேட்பார்கள். அன்றைக்கு எங்கள் சபையில் ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் வாசலிலிருந்து டீக்கடைக்காரர்தான் கேட்டார், கேட்டதுமே கிடைத்தது. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்ல உருப்படி, சல்லிசா வந்திச்சு. ஏன் நைனா, இத்தப் பாத்தா உங்காளுங்க எல்லாம் ஏன் பயந்து பயந்து ஒதுங்கறாங்க?"

"வேதத்துல இருக்குது," என்றேன். "நாளைக்கி டீ குடிக்க வர்றப்ப சொல்றேன்."